அறுபது என்று மூன்று முறை

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்கிற பயம் ஆவுடைத்தங்கத்தை இன்னும் விட்டபாடில்லை, ஏனென்றால் அவள் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள், எதை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் முன்னுக்குப் பின்னாகச் சொல்லிக் கேட்பவர்களைக் குழப்பிவிடுகிறவள், அதோடு ஒரே ஒரு எண்ணை ஒரு தடவை, இல்லை, மூன்று தடவை தப்பாகச் சொன்னதில்தான் இத்தனையும் வந்தது. ஆகவே யார் கேட்டாலும் எடை மெஷினிலிருந்துதான் ஆரம்பிப்பாள். "அது நல்ல மெஷின். அத மொதல்லயே சொல்லிருதேன்" என்பாள். அப்புறம் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொள்வாள்.

அவள் புருஷன் கோமதிநாயகம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள கடையில் இருபத்திரண்டு வருஷமாகப் பரோட்டா மாஸ்டர். மாவை அவர் கல்லில் ஓங்கி அடிக்கிற சத்தம் கேட்டுத்தான் தென்காசி பஸ்ஸில் தூங்கி வருகிறவர்கள் ஊர் வந்துவிட்டது என்று கண் விழிப்பார்கள். சித்திரை மாதம் அந்த அடுப்புக்கு முன்னாலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒன்பது நாளும் ஆவுடைத்தங்கம் வராந்தாவில் உட்கார்ந்து, மனுஷன் எழுந்து நடந்துவிட்டால் எடைக்கு எடை வெல்லம் போடுகிறேன் என்று பொட்டல் அம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். அவர் எழுந்து நடந்தார். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், "ஒரு எடை மெஷின் வாங்கி வச்சுக்கோங்கம்மா, தினமும் காலையில பாருங்க, சட்டுனு ரெண்டு கிலோ ஏறுச்சுன்னா உடம்புல நீர் கோக்குதுன்னு அர்த்தம்" என்றார். வைத்தியத்துக்கும் நேர்த்திக்கும் சேர்த்து ஒரு கண்ணாடி மெஷினை வாங்கி, ஆறு வீடு உள்ள அந்தக் காம்பவுண்டில், தன் வீட்டுக் குளியலறை வாசலில், சுவரை ஒட்டிப் போட்டாள்.

பெரிய கோயில்களில் இருப்பதைப் போலப் பொட்டல் அம்மன் கோயிலில் தராசு கிடையாது. அங்கே வழக்கம் வேறு. எடை பார்ப்பது அவரவர் வீட்டுக்குள்தான். வெல்ல மூட்டையை அம்மன் முன்னால் இறக்கி, யாருக்காக நேர்ந்ததோ அவர் அதன்மேல் கை வைத்து நிற்க, எண்ணைக் கண்ணால் பார்த்தவர் யாரோ அவரே மூன்று முறை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கூட்டிக் கழித்துச் சொல்லக் கூடாது, ஒரே எண்ணாகப் பார்த்திருக்க வேண்டும். அதற்கு நிறை சொல்வது என்று பெயர். அம்மனுக்குத் தராசு எதற்கு, உங்கள் வாய்தான் அவளுக்குத் தராசு என்பார் பூசாரி.

எதையும் முன்கூட்டியே செய்துவைத்துவிட்டு, பிறகு அது சரியாக வருமா வராதா என்று நகத்தைக் கடிப்பது ஆவுடைத்தங்கத்தின் குணம். புருஷன் அறுபது கிலோ இருப்பார் என்று குத்துமதிப்பாக நினைத்து, முப்பது கிலோ மூட்டை இரண்டை ஏற்கெனவே வாசலில் இறக்கியாயிற்று. ஆட்டோவும் வந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. கோமதிநாயகம் மெஷினில் ஏறினார். எண் ஓடியது, அறுபத்து மூன்றுக்கும் அறுபத்து நாலுக்கும் நடுவே துடித்தது, அப்போது ஆஸ்பத்திரியிலிருந்து கூடவே வந்த தலைசுற்றலில் அவர் வலது உள்ளங்கையைச் சுவரில் ஊன்றினார், எண் வழுக்கிக்கொண்டு இறங்கி அறுபதில் நின்றது.

கையை எடுங்க என்கிற ரெண்டே வார்த்தை அவள் தொண்டை வரைக்கும் வந்தது. சுவரில் பதிந்திருந்த கையை அவள் பார்த்தாள், புறங்கையில் புடைத்திருந்த நரம்பைக்கூடப் பார்த்தாள். ஆனால் வாசலில் மூட்டை நிற்கிறது, ஆட்டோ நிற்கிறது, மறுபடி கடைக்குப் போய் மூணு கிலோ கொடு நாலு கிலோ கொடு என்று கேட்டால் கடைக்காரன் என்ன நினைப்பான், மெஷினே சொல்லும்போது நாம் என்ன சொல்ல என்று மனசு மளமளவென்று சமாதானம் அடுக்கியது. "சரியா அறுபது! அம்மனே அளந்து வச்ச மாதிரி!" என்று ஆறு வீட்டுக்கும் கேட்கக் கத்தினாள். கோயிலிலும் அறுபது, அறுபது, அறுபது என்றாள். மூன்றாவது அறுபது மட்டும் கொஞ்சம் மெதுவாக வந்தது.

மறுநாள் காலையில் கோமதிநாயகத்தின் வலது கைக்கு எடை இல்லை.

காபி டம்ளரை இடது கையில் வாங்கிக்கொண்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், வலது கை தோளிலிருந்து ஊதுபத்திப் புகை மாதிரி மெல்ல எழும்பி, காதுக்குப் பக்கத்தில் போய், உள்ளங்கையை விரித்துக்கொண்டு நின்றது. இடது கையால் பிடித்து இறக்கிவிட்டார். விட்டதும் மறுபடி, அவசரப்படாமல், மரியாதையாக எழும்பியது. "ஏளா, இதப் பாரேன்" என்றார் அவர், கரண்ட் போய்விட்டது என்று சொல்கிற குரலில்.

டாக்டர் தட்டிப் பார்த்தார், படம் எடுத்துப் பார்த்தார், எலும்பு இருக்கிறது நரம்பு இருக்கிறது எடை மட்டும் இல்லை என்று சீட்டில் எழுதிக்கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். முதல் வாரம் அவர் தெருவில் நடந்தால் போகிற பஸ்ஸெல்லாம் நின்றது. "ஏறலைன்னா எதுக்குயா கையக் காட்டுதீரு?" என்று கண்டக்டர்கள் வைதார்கள், பிறகு விஷயம் தெரிந்து டாட்டா காட்டிவிட்டுப் போனார்கள். பரீட்சைக்குப் போகிற பெண்கள் எதற்கும் இருக்கட்டும் என்று அந்தக் கைக்குக் கீழே தலையைக் குனிந்து நுழைந்து போனார்கள். வார்டு கூட்டத்தில், தெருவுக்குச் சாக்கடை வேண்டாம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றபோது அவர் கையும் சேர்த்து எண்ணப்பட்டு, ஒரு கை வித்தியாசத்தில் சாக்கடை தள்ளிப்போனது. அடுத்த வீட்டு மைமூன் வாய் ஓயாதவள், அவள்தான், "அண்ணே, சும்மாதான நிக்கி, இந்தப் பையக் கொஞ்சம் மாட்டிக்கிடுங்க" என்று முதலில் காய்கறிப் பையை மாட்டியவள். இரண்டாம் வாரம் யாரும் அதைப் பார்த்து வியக்கவில்லை. காம்பவுண்டில் ஒரு முருங்கைமரம் நிற்கிற மாதிரி அதுவும் நின்றது.

ஆவுடைத்தங்கத்துக்கு மட்டும் அதைப் பார்க்க முடியவில்லை. சுவரில் எப்படி விரிந்திருந்ததோ அப்படியே விரிந்து நின்றது அந்தக் கை. சோறு போடும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போட்டாள். சட்டைக்குள் கையை இறக்கித் துண்டால் இடுப்போடு கட்டிவிட்டாள், அது துண்டையும் சட்டையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு எழும்பியது. ஒரு செவ்வாய்க்கிழமை யாருக்கும் சொல்லாமல், ஐந்து கிலோ வெல்லத்தைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு போய் அம்மன் காலடியில் வைத்தாள்.

"இது எதுக்கும்மா?" என்றார் பூசாரி.

"சும்மாதான்" என்றாள்.

சும்மா கொடுத்ததை அம்மன் சும்மாவே வாங்கிக்கொண்டாள். கை இறங்கவில்லை.

இறங்காவிட்டால் பிழைப்பு இல்லை. உருண்டையை வீசலாம், விசிறலாம், ஆனால் கல்லில் ஓங்கி அடிக்கக் கையில் கனம் வேண்டும். கோமதிநாயகம் மாவை ஓங்கினால் மாவும் கையும் சேர்ந்து மேலே போய்க் கடை விளக்கைத் தொட்டுக்கொண்டு நின்றன. கடை முதலாளி நல்ல மனுஷன், மூன்று வாரம் பொறுத்தார். நாலாவது வாரம் காம்பவுண்டுக்கே வந்து, செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றபடி, "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கேன் தங்கம். அதுக்குமேல செங்கோட்டைக்காரன் ஒருத்தன் வாரேங்கான்" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்குத்தான் மூன்றாம் வீட்டு அருளப்பன் முற்றத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். லாரி எடை மேடையில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். எடை சம்பந்தமாக அவர் பேசினால் ஆறு வீடும் கேட்கும்.

"நிறை சொன்னது அறுபது. ஆளு அறுபதுக்கு மேல இருந்திருக்காரு. சொன்ன வரைக்கும் அம்மன் காப்பாத்திட்டா, சொல்லாம விட்டது இந்தக் கை. ஆகக்கூடி மெஷின் பொய் சொல்லியிருக்கு" என்றார். பிறகு ஆவுடைத்தங்கத்தைப் பார்த்து, "நீ என்ன செய்வ தங்கச்சி, பாவம். கண்ணுல பட்டதத்தான சொன்ன" என்றார்.

"அந்த மெஷின விளக்குமாத்தாலயே அடிக்கணும்" என்றாள் மைமூன். "எங்க மதினி அது?"

"அத அன்னைக்கே குப்பையில போட்டுட்டேன்" என்றாள் ஆவுடைத்தங்கம். மெஷின் அரிசி டிரம்முக்குப் பின்னால், பழைய சேலையில் சுற்றி, அவள் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. பக்கத்தில் கோமதிநாயகம் உட்கார்ந்திருந்தார். அவர் கை மட்டும் நின்றது.

அருளப்பன் வழி சொன்னார். ஒரு மஞ்சள் பையில் கொஞ்சம் கொஞ்சமாக அரிசியைப் போட்டு அந்தக் கையில் மாட்டினார், இடது கை எப்படித் தொங்குகிறதோ அப்படியே வலது கையும் தொங்குகிற வரைக்கும் போட்டார். "இந்தப் பையிலதான் போன எடை இருக்கு. இதோட அவர மெஷின்ல ஏத்தினா, அதுதான் உண்மையான நிறை. அதத் திரும்பச் சொல்லி, விட்ட வெல்லத்தப் போட்டாச் சரியாப் போகும். ஆனா மெஷின் இம்மிகூடப் பிசகக் கூடாது. மறுபடி தப்பான நிறை சொல்லி, இந்தத் தடவை தலைக்கு எடை இல்லாமப் போச்சுன்னா?"

காம்பவுண்டே சரியான எடை மெஷின் தேடிப் புறப்பட்டது. அரிசி மண்டித் தராசைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள், அது காம்பவுண்டு வாசலில் நுழையவில்லை. மைமூன் தன் மகள் துபாயிலிருந்து அனுப்பிய ரோஸ் கலர் மெஷினைத் தூக்கிவந்தாள், அது ஏறினவர்களிடம் இங்கிலீஷில் பேசியது. மருந்துக் கடையிலிருந்து ஒன்று வந்தது. ஜிம்மிலிருந்து ஒன்று வந்தது. அருளப்பன் வீட்டுப் பரணிலிருந்து முள் ஓடுகிற இரும்பு மெஷின் ஒன்று இறங்கியது. யாரோ செல்போனில் ஆர்டர் போட்டு, பெட்டி பிரிக்காமலே இன்னொன்று வந்தது. கோமதிநாயகம் பையோடு ஏறி இறங்கினார், ஐந்து மெஷினில் ஐந்து ஆளாக இருந்தார், ஒன்றில் கல்யாணத்தன்று இருந்த எடைகூட வந்தது.

"மெஷினுக்குச் சோதனை வேணும்" என்றார் அருளப்பன். அன்றைக்கு வந்து இறங்கிய காஸ் சிலிண்டரை உருட்டிவரச் சொன்னார். காலி சிலிண்டரின் எடை அதன் கழுத்திலேயே எழுதியிருக்கிறது, உள்ளே இருக்கிற காஸ் பதினாலு கிலோ இருநூறு, இரண்டும் சேர்ந்து முப்பது கிலோ நூறு. அதைக் காட்டுகிற மெஷின்தான் மெஷின். அடியில் பாய் கூடாது, சாக்கு கூடாது, கோலமாவு துகள்கூடக் கூடாது என்று தரையைத் தானே துடைத்தார். நாலு காலும் பதிய வைத்தார். மூன்று முறை ஏற்றி மூன்று முறை இறக்கினார். ரோஸ் மெஷின் முப்பத்தொன்றரை என்றது. மருந்துக் கடை மெஷின் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று சொன்னது. ஜிம் மெஷின் முப்பத்திரண்டு. புது மெஷின் சிலிண்டரைக் கண்டதும் எண்ணே காட்டாமல் கோடு போட்டது. அருளப்பனின் இரும்பு மெஷின் இருபத்தெட்டு என்று காட்டியபோது அவர் அதைத் தன் காலால் ஓரமாகத் தள்ளினார்.

"எங்க மக அனுப்பினதே பொய் சொல்லுதுன்னா, உலகத்துல யோக்கியமான மெஷினே கெடையாது" என்றாள் மைமூன்.

அதற்குள் வியாழக்கிழமை ஆகிவிட்டது, விடிந்தால் முதலாளி வைத்த கெடு. ஆறு வீட்டு ஆட்களும் வேலையைப் போட்டுவிட்டு முற்றத்தில் நின்றார்கள். நாலாம் வீட்டிலிருந்து, எதற்கும் இருக்கட்டும் என்று, அவர்கள் பங்குக்கு ஒரு வெல்ல உருண்டையைக் கொண்டுவந்து ஆவுடைத்தங்கத்தின் கையில் வைத்தார்கள். அது கையில் நெருப்பாகச் சுட்டது.

கோமதிநாயகம் பையைக் கழற்றினார். கை எழும்பி நின்றது. "விடுங்க அண்ணாச்சி. நான் எங்கயாச்சும் இட்லி ஊத்திப் பொழச்சுக்கிடுதேன். அதுக்கு ஒரு கை போதும்" என்றார். அவர் குரலில் கோபம் ஒரு துளி இல்லை. அவள் பக்கம் அவர் பார்க்கவும் இல்லை, தரையைப் பார்த்தார், அப்படிப் பார்த்ததிலேயே அவருக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரிந்தது. அன்றைக்குக் கையை ஊன்றியவர் அவர்தானே. இத்தனை நாளும் ஒரு வார்த்தை கேட்காமல் இருந்திருக்கிறார்.

அவள் உள்ளே போனாள். அரிசி டிரம்மைத் தள்ளுகிற சத்தம் முற்றம் வரைக்கும் கேட்டது. சேலையைப் பிரிக்காமலேயே மெஷினைக் கொண்டுவந்து அருளப்பன் முன்னால் வைத்தாள்.

"குப்பையில போட்டேன்னீய மதினி!" என்றாள் மைமூன்.

அருளப்பன் சேலையைப் பிரித்தார். சிலிண்டரை ஏற்றினார். முப்பது கிலோ நூறு. இறக்கி ஏற்றினார். முப்பது கிலோ நூறு. மூன்றாம் முறையும் அதேதான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "இது பொய் சொல்லலியே" என்றார் தனக்குத்தானே. "அப்படின்னா..."

"மெஷின் சரியாத்தான் சொல்லுச்சு" என்றாள் ஆவுடைத்தங்கம். "அவுக தல சுத்தி, கைய செவத்துல வச்சிருந்தாவ. நான் பாத்தேன். பாத்துக்கிட்டேதான் அறுபதுன்னேன்."

யாரும் வையவில்லை. வைதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். யாரோ ஒருவர் சொட்டிக்கொண்டிருந்த குழாயைப் போய் மூடினார். மைமூன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கிண்டல் இல்லாத குரலில், "நாலு கிலோ வெல்லத்துக்கா மதினி?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றாள் அவள். நாலு கிலோவுக்குப் பதில் நாப்பது கிலோ என்று சொல்ல முடிந்திருந்தால்கூடக் கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும் என்று தோன்றியது. "வெல்லத்துக்குக்கூட இல்ல. ஆட்டோ நின்னுச்சு. திரும்பக் கடைக்குப் போகக் கூச்சமா இருந்துச்சு."

"ஏளா, நானும்தான் சொல்லியிருக்கலாம்" என்றார் கோமதிநாயகம். "நீ அறுபதுன்னு சந்தோசமாக் கத்துன. சரி, இருக்கட்டும்னு இருந்துட்டேன்."

பையை மாட்டிக்கொண்டு மெஷினில் ஏறினார். சுவரிலிருந்து அதை நாலடி தள்ளிப் போட்டிருந்தார்கள். அறுபத்து மூன்று கிலோ எண்ணூறு.

கூடவும் கூடாது குறையவும் கூடாது என்று அருளப்பன் சொன்னதால், பையை இறக்கிவிட்டு வெல்லத்தை ஏந்திக்கொண்டு அவர் மெஷினில் நிற்க, அதே எண் வருகிறவரைக்கும் அவள் வெல்லக்கட்டியை உலக்கையால் தட்டித் தட்டிச் சேர்த்தாள். மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் ஆறு வீடும் கோயிலுக்குப் போனது. ஒருமுறை சொன்ன நிறையை மாற்றிச் சொல்வதானால், முன்னே ஏன் தப்பியது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றார் பூசாரி. அவள் சொன்னாள். வந்திருந்த மற்றவர்களுக்கும் கேட்கச் சொன்னாள், பூக்காரிக்குச் சரியாகக் காதில் விழாததால் அவளுக்காக இன்னொரு தடவையும் சொன்னாள். பிறகு அறுபத்து மூன்று கிலோ எண்ணூறு என்று மூன்று முறை சொன்னாள். மூன்றாவது முறை வெல்லத்தின்மேல் அவர் இடது கையால் பிடித்து வைத்திருந்த வலது கை, வேலை முடிந்து வீட்டுக்கு வந்து உட்கார்கிற ஆள் மாதிரி, தானாகவே அமர்ந்தது. அன்றைக்குச் சாயந்தரம் தென்காசி பஸ்ஸில் தூங்கி வந்தவர்கள் சரியான இடத்தில் கண் விழித்தார்கள்.

கை இறங்கிவிட்டது, பேச்சு இறங்கவில்லை. மார்க்கெட்டில் தக்காளி நிறுக்கிற பெண் இவள் தலையைக் கண்டதும் தராசிலிருந்து இரண்டு கையையும் எடுத்துத் தூக்கிக் காட்டுகிறாள். காம்பவுண்டில் யாராவது கொஞ்சம் கூட்டிக்குறைத்துப் பேசினால், "செவத்த விட்டுட்டுப் பேசு" என்கிறார்கள், அது அந்தத் தெருவையும் தாண்டிப் போய்விட்டது, தெரியாதவர்கள்கூடச் சொல்கிறார்கள். ஆவுடைத்தங்கம் கேட்டும் கேட்காத மாதிரி போகிறாள்.

ஆனால் டாக்டர் சொன்னபடி எடை தினமும் பார்த்தாக வேண்டும், பார்ப்பவள் அவள்தான், அந்தக் கண்ணையும் வாயையும் அவளால் இனி நம்ப முடியவில்லை. அதனால் மெஷினை எடுத்துக்கொண்டுபோய், எந்தச் சுவரும் எந்தத் தூணும் கைக்கு எட்டாத இடமாகப் பார்த்து, ஆறு வாசலுக்கும் நடுவே முற்றத்தில் போட்டாள். காலையில் கோமதிநாயகம் ஏறுவார், மைமூன் எண்ணைப் படிப்பாள். அவர் இறங்கியதும், யாரும் கேட்காமலே, ஆவுடைத்தங்கமும் ஏறுவாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தன் எடையைத் தானே பார்த்ததில்லை அவள், கனத்த உடம்பு, அதை மறைக்கவே சேலையை இழுத்து இழுத்துப் போர்த்துகிறவள். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, கீழே பார்க்காமல், எதிர்வீட்டு ஓட்டுக்கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"எழுபத்தொம்போது எழுநூறு!" என்று மைமூன் ஆறு வீட்டுக்கும் கேட்கப் படிப்பாள்.

கூச்சத்தில் காது மடல் சூடேறும். ஆனாலும் மைமூன் அதை மூன்றாம் முறையும் சொல்லி முடிக்கிற வரைக்கும் ஆவுடைத்தங்கம் கையை இறக்க மாட்டாள்.